புரை பழுக்கட்டும்

"புரை பழுக்கட்டும், பிறகு அறுக்கலாம்." புதுக்கோட்டைச் சீமையில் பார்வை மங்கிய முதியோருக்கு இன்றும் உறவினர் சொல்லும் இவ்வறிவுரையை அறியாமையென்று தள்ளிவிடுதல் நேர்மையன்று. ஒருகாலத்தில் மருத்துவர்களே சொன்ன சொல் இது.

சுசுருதர் காலந்தொட்டு, ஊசியால் புரையைக் கண்ணுக்குள்ளேயே தள்ளிவிடுவதே வழக்கம். 1747-இல் பிரெஞ்சு மருத்துவர் ஜாக் தவியேல் அதனை வெளியே எடுத்தார். இளம்புரையை அவ்வாறு எடுத்தால் பசைபோன்ற துணுக்குகள் உள்ளே தங்கி அழற்சியை விளைவித்தன. முற்றிய புரையோ எளிதில் கழன்று வந்தது. இருபதாம் நூற்றாண்டில் வில்லையை உறையோடு எடுத்தபோதும், பின்னர் தடித்த கண்ணாடியே கதியாயிற்று. எஞ்சிய பார்வையும் போனபின் அறுப்பதே அன்று இலாபம்.

1949-இல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி செயற்கை வில்லையைக் கண்ணுக்குள் பொருத்தினார். மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் சார்பில், 1992 முதல் ஆரோலேப் அவ்வில்லையை எளியோருக்கும் எட்டும் விலையில் செய்யலாயிற்று. காத்திருப்பதற்கான காரணம் மறைந்தது. அறிவுரை மட்டும் மறையவில்லை.

பழுத்த புரைகளெல்லாம் ஒரு தன்மையன அல்ல. நீர்கோத்து உப்பிய வெண்புரையின் உறையை, அழுத்தம் காரணமாக, தொட்டவுடனே தாறுமாறாகக் கிழித்துவிடும் ஆபத்துண்டு. உறையைத் தெளிவாகக் காண நீலச் சாயம் ஏற்றுகிறார்கள். பழுப்புப் புரையோ கல்போல் இறுகியது. அதனை ஒலியலைக் கருவியால் உடைக்கச் செலவாகும் ஆற்றல், கருவிழியின் உட்புற உயிரணுக்களைச் சிதைக்கக்கூடும். இழந்த அணுக்கள் மீண்டும் வளர்வதில்லை. இத்தகைய கண்களுக்கு, தையலின்றிச் சிறு துளைவழியே கையாலேயே புரையை எடுக்கும் முறை நம் நாட்டில் பெரிதும் கைகொடுத்தது. வெண்புரை கொண்ட 270 பேரிடம் புதுச்சேரி அரவிந்த் மருத்துவமனையில் இரு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2010-இல் வெளியாயிற்று. பார்வையிலும் சிக்கல்களிலும் பெரிய வேறுபாடில்லை. கைமுறை விரைவில் முடிந்தது. விலையுயர்ந்த பொறியே சிறந்தது என்று எண்ணுவோர் இதனைக் கவனிக்கலாம்.

இன்னொரு வகை, அளவு கடந்து பழுத்தது. வில்லையின் புறப்பகுதி பாலாய்க் கரைய, நடுக்கரு அடியில் அமிழ்ந்து கிடக்கும். அப்பால் கசிந்தால் கண்ணில் அழுத்தம் ஏறும். தாளாத வலி வரும். உடனே அறுத்தால் பலருக்குப் பார்வை திரும்புகிறது. நாட்கணக்கில் தாமதித்து நரம்பு பட்டுப்போனவருக்கு, புரையை எவ்வளவு தூய்மையாக எடுத்தாலும் வெளிச்சம் மீள்வதில்லை.