நீரில் கரையும் துவக்கி: ஏ.ஏ.பி.எச். சேர்மத்தின் வரலாறு

இணை சேராத எலக்ட்ரான் ஒன்றைத் தாங்கி நிற்பதனாலேயே அண்டை மூலக்கூறுகளோடு உடனுக்குடன் வினைபுரியும் அணுவோ அணுத்தொகுதியோ வேதியியலில் தனி உறுப்பு எனப்படுகிறது. 1900ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மோசஸ் கோம்பர்க் டிரைபினைல்மெத்தில் என்ற தனி உறுப்பை இனங்காணும் வரை, கார்பனுக்கு அத்தகைய நிலை இருக்க முடியும் என்பதைப் பெரும்பாலான வேதியியலாளர்கள் ஏற்கவில்லை. அடுத்த நாற்பது ஆண்டுகளில் நிலைமை தலைகீழாக மாறியது. ஒற்றைப்படி எனப்படும் சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துப் பலபடி என்னும் நீண்ட சங்கிலியாகும் வினையைத் தொடங்கி வைக்கத் தனி உறுப்புகளே ஏற்றவை என்று தெரிந்ததும், அவற்றை வேண்டிய அளவில் வெளியிடும் பொருள்களை, அதாவது துவக்கிகளை, தொழிற்சாலைகள் தேடத் தொடங்கின.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கா பேரளவில் உற்பத்தி செய்த செயற்கை ரப்பர் இத்தேடலை விரைவுபடுத்தியது. ஸ்டைரீனும் பியூட்டாடையீனும் சோப்புநீரில் பால்மமாகக் கலக்கப்பட்டு, ஏறத்தாழ 50 பாகை செல்சியசில் ரப்பராக்கப்பட்டன. அங்கே துவக்கியாகப் பயன்பட்டது பொட்டாசியம் பெர்சல்பேட். அது மலிவானது, நீரில் கரைவது; ஆனால் தானே வலிமையான ஆக்ஸிஜனேற்றி ஆகையால் கலவையில் உள்ள பிற பொருள்களையும் நேரடியாகத் தாக்கக் கூடியது. இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்த ஃபென்டன் வினைப்பொருளை 1940களில் லீட்சில் எம். ஜி. எவன்சும் உடன் பணியாற்றியோரும் நீர்க்கரைசல் பலபடியாக்கலுக்குப் பயன்படுத்தி ஆராய்ந்தனர். எவன்சுடன் பணியாற்றிய எம். சாந்தப்பா பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சீரியம் போன்ற உலோக அயனிகளைக் கொண்டு நீர்க்கரைசலில் பலபடியாக்கும் ஆய்வை வளர்த்தார். அடையாற்றின் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில், தோலின் புரதமான கொலாஜன் மீது பலபடிச் சங்கிலிகளை ஒட்டவைக்கவும் சீரிய அயனி பயன்படுத்தப்பட்டது. உலோக அயனியை நம்பிய இவ்வழிகளில் தனி உறுப்பு பிறக்கும் வேகம் உலோக அயனியின் செறிவையும் கரைசலின் அமிலத்தன்மையையும் பொறுத்து மாறுபடும்.

இச்சிக்கலிலிருந்து விலகி நின்ற வழி அசோ சேர்மங்களுடையது. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் இணைந்து, இருபுறமும் கார்பன் தொகுதிகளைத் தாங்கியிருக்கும் இவற்றைச் சூடாக்கினால், நைட்ரஜன் வாயுவாக வெளியேறி, இரு கார்பன் தனி உறுப்புகள் எஞ்சுகின்றன; வேறு வினைப்பொருளின் துணை தேவையில்லை. ஏ.ஐ.பி.என். என்னும் அசோ சேர்மத்தைத் தீலேயும் ஹாய்சரும் 1896இலேயே தயாரித்திருந்தனர் என்றாலும், அது துவக்கியாகக் கவனம் பெற்றது அரை நூற்றாண்டு கழித்தே. அது நீரில் கரையாது. அதன் நைட்ரைல் தொகுதிகளைப் பின்னர் (Pinner) வழி என்னும் பழைய முறையில், முதலில் ஆல்கஹாலும் ஹைட்ரஜன் குளோரைடும் கொண்டும், அடுத்து அம்மோனியா கொண்டும் மாற்றினால், நேர்மின் சுமை தாங்கும் அமிடின் தொகுதிகள் கிடைக்கின்றன. அவ்வாறு பிறந்த ஏ.ஏ.பி.எச். நீரில் எளிதில் கரைகிறது. வாக்கோ என்ற ஜப்பானிய நிறுவனம் அதை வி-50 என்ற பெயரில் விற்றது. அதைக் கொண்டு தயாரிக்கப்படும் பால்மத் துகள்கள் நேர்மின் சுமையுடன் வெளிவருவதால், எதிர்மின் சுமையே தரும் பெர்சல்பேட் நுழைய முடியாத துறைகளில் அதற்கு இடம் கிடைத்தது.

இச்சேர்மத்தின் பிற்கால வாழ்வைத் தீர்மானித்தது அதன் வேகமே ஆகும். 56 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அதன் பாதியளவு சிதைய 10 மணி நேரம் ஆகிறது. உடல் வெப்பமான 37 பாகையிலோ ஏறத்தாழ 175 மணி நேரம் ஆகிறது. ஆகவே சில மணி நேரச் சோதனை ஒன்றில் அது சற்றும் குறையாத சீர்வேகத்தில் தனி உறுப்புகளை வெளியிடுகிறது என்று கொள்ளலாம். சிதைந்த இரு துண்டுகளும் கரைப்பான் மூலக்கூறுகளின் கூண்டுக்குள் மீண்டும் ஒன்றுசேர்வதும் உண்டு என்பதால், எத்தனை துண்டுகள் தப்பிக்கின்றன என்பதை அறிய வேண்டியிருந்தது. 1963இல் ஹேமண்டும் நியூமனும் நேர்மின் சுமை தாங்கிய இணைகளில் இக்கூண்டு விளைவை ஆராய்ந்தனர்.

தப்பிய துண்டுகள் காற்றின் ஆக்ஸிஜனோடு கூடிப் பெராக்சில் தனி உறுப்புகளாகின்றன. கொழுப்பு கெட்டுப்போவதைச் சங்கிலி வினையாகத் தொடர்ந்து நடத்துபவை இவையே என்பதால், 1980களில் டோக்கியோவில் எட்சுவோ நிக்கி குழுவினர் ஏ.ஏ.பி.எச்.-ஐ உயிர்வேதியியலுக்குக் கொண்டுவந்து, இரத்தச் சிவப்பணுச் சவ்வுகள் மீது சோதித்தனர். நீர்ப்பகுதியில் தாக்க அதையும், கொழுப்புப் பகுதிக்குள் தாக்க ஏ.எம்.வி.என். என்ற அதன் எண்ணெயில் கரையும் உறவுச் சேர்மத்தையும் பயன்படுத்தி, தாக்குதலின் இடத்தையும் வேகத்தையும் ஆய்வாளரே வகுக்க முடிந்தது. பெர்சல்பேட்டால் இது இயலாது. 1985இல் கனடாவின் வேய்னரும் இங்கோல்டும் பிறரும் இரத்தப் பிளாஸ்மாவின் மொத்தப் பெராக்சில் பிடிப்புத் திறனை ஏ.ஏ.பி.எச். கொண்டு அளந்தனர். 1988இல் பெர்க்கிலியில் ஃபிரை, ஸ்டாக்கர், ஏம்ஸ் ஆகியோர், பிளாஸ்மாவில் வைட்டமின் சி முற்றிலும் செலவழிந்த பின்னரே கொழுப்புகள் தாக்கப்படுகின்றன என்று காட்டினர். இத்துறையின் மிக உறுதியான முடிவுகளில் ஒன்றாக அது கருதப்படத் தக்கது.

இதன் பிறகு வந்ததை அவ்வளவு உயர்வாக மதிப்பிட இயலாது. 1993இல் காவ், அலெசியோ, கட்லர் ஆகியோர் ஏ.ஏ.பி.எச்.-ஐக் கொண்டு ஒளிரும் புரதமொன்றைச் சிதைத்து, அதைக் காக்கும் பொருளின் ஆற்றலை எண்ணாக்கும் ஓராக் என்ற முறையை வகுத்தனர்; 2001இல் அப்புரதத்தின் இடத்தில் ஃபுளோரசீன் என்ற சாயம் வந்தது. அமெரிக்க வேளாண் துறை பல உணவுகளின் ஓராக் மதிப்புகளைப் பட்டியலாக வெளியிட, பழச்சாறும் மாத்திரையும் விற்போர் அந்த எண்களை விளம்பரமாக்கினர். ஒரு சோதனைக் குழாயில், ஒரே வகைத் தனி உறுப்புக்கு எதிராகப் பெற்ற எண் அது. குடலில் உறிஞ்சப்படுவதையோ கல்லீரலில் மாற்றமடைவதையோ அது அறியாது. அம்மதிப்புகள் மனித உடலில் விளையும் பயனைக் காட்டவில்லை என்றும், வணிகர்கள் அவற்றைத் தவறாகக் கையாள்கிறார்கள் என்றும் கூறி, 2012இல் வேளாண் துறை அப்பட்டியலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.