உண்டு உறைவிடப் பள்ளிகளும் சமவெளி இருளரும்

பழங்குடிப் பிள்ளைகளுக்குத் தங்குமிடம், உணவு, சீருடை, பாடநூல் அனைத்தையும் இலவசமாகத் தந்து ஒரே வளாகத்தில் கற்பிக்கும் அரசுப் பள்ளி உண்டு உறைவிடப் பள்ளி எனப்படும். தமிழ்நாட்டில் பழங்குடியினர் நலத்துறையின் கீழ் முந்நூறுக்கும் மேற்பட்டவை இயங்குகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை கல்வராயன்மலை, சவ்வாதுமலை, பச்சைமலை, கொல்லிமலை, ஏற்காடு, நீலகிரி ஆகிய மலைப்பகுதிகளில் உள்ளன. பழங்குடியினர் என்றாலே மலைவாழ் மக்கள் என்ற நினைப்பில் வளர்ந்த அமைப்பு இது. மாநிலப் பழங்குடிகளில் மலையாளிகளுக்கு அடுத்தபடியாகப் பெருந்தொகையினரான இருளர்களில் பலர் வாழ்வதோ திருவள்ளூர், செங்கல்பட்டு, விழுப்புரம் மாவட்டச் சமவெளிகளில்.

எண்ணூரில் இதைக் கண்கூடாகக் காணலாம். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரக்குப்பம் ஒரு மீனவர் ஊர். கழிமுகத்திலிருந்து உள்ளே, பொன்னேரி வட்டத்து அத்திப்பட்டுப் பக்கம், இருளர் குடியிருப்புகள் சிதறிக் கிடக்கின்றன. இவர்களில் ஆற்றை நம்பிப் பிழைப்பவர்களுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் பல்லால் கடித்திருக்கும் பனையோலைப் பறிக்குள் போடுவார்கள். ஆண்களும் பெண்களும் செய்யும் இத்தொழிலை அனல்மின் நிலையங்களின் சாம்பல் கழிவு நெடுங்காலமாகவே அரித்து வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் கழிமுகம் முழுதும் படர, மீன்பிடிப்பே நின்றுபோனது. அன்றாடம் பிடித்து அன்றாடம் விற்கும் வீட்டில் வருமானம் நின்றால் முதலில் அடிபடுவது மேல்வகுப்புப் பிள்ளையின் படிப்புதான்.

திருவள்ளூர் மாவட்டத்தின் உட்பகுதிகளில் ஆற்றின் இடத்தைச் செங்கல் சூளை பிடித்துக்கொள்கிறது. மழைக்காலம் முடிந்ததும் முன்பணம் வாங்கிய குடும்பங்கள் சூளைக்குக் குடிபெயர்கின்றன. அரையாண்டுத் தேர்வோடு வகுப்பை விட்டுப் போகும் பிள்ளை அடுத்த ஜூனில் திரும்பி வரும் என்பதற்கு உறுதியில்லை. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையில்தான் பேசுகிறது. ஒன்பதாம் வகுப்பு அதன் எல்லைக்கு வெளியே. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு, பழங்குடியினரிடையே 54.

முழுமையான கல்வி என்பதை யோகா, கைவினை, பறையிசை என்று விரிப்பவர்கள் உண்டு. கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் பிரேமா ரங்காச்சாரி 2007இல் தொடங்கிய வித்யா வனம் பள்ளி, இருளர் பிள்ளைகளுக்குப் பாடநூலைச் சுற்றி அல்லாமல் கருப்பொருள்களைச் சுற்றிக் கற்பித்துப் பெயர் பெற்றது. பாராட்டத்தக்க முயற்சிதான். ஆனால் பெற்றோர் சூளைக்குப் போகும் மாதங்களில் பிள்ளை எங்கே உறங்கும், யார் சோறு போடுவார்கள் என்பதே சமவெளியில் முதல் கேள்வி. அதற்கு விடை வைத்திருப்பது உறைவிடப் பள்ளிதான்.

ஒன்றிய அரசு 1997–98இல் தொடங்கிய ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டு வரை பள்ளிக்கு 480 பேர் படிக்கலாம். 2018இல் இத்திட்டத்தை விரிவாக்கியபோது, மக்கள்தொகையில் பாதிக்கு மேல் பழங்குடியினராகவும் அவர்களின் எண்ணிக்கை 20,000க்குக் குறையாமலும் உள்ள ஊராட்சி ஒன்றியங்களுக்குத் தலா ஒரு பள்ளி என அளவுகோல் வகுக்கப்பட்டது. ஊருக்கு இருபது முப்பது குடும்பமாகப் பிரிந்து வாழும் இருளரை இந்தக் கணக்கு எந்நாளும் எட்டாது. சமவெளியில், செங்கல்பட்டு மாவட்டத்துக் குமிழியில் ஓர் ஏகலைவா பள்ளி இருக்கத்தான் செய்கிறது. கொசஸ்தலைக் கரைக்கு அது சென்னையின் மறுகோடி.

அங்கே சேரவும் சாதிச் சான்றிதழ் வேண்டும். மற்றச் சாதியினருக்கு வட்டாட்சியர் அளவில் முடிகிற வேலை, பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் வரை போகிறது. தந்தையிடமும் தாத்தாவிடமும் சான்றிதழ் இல்லாத வீட்டில் விசாரணை இழுபடுகிறது. ஒன்பது, பத்தாம் வகுப்புக்கான ஒன்றிய அரசின் உதவித்தொகை, விடுதி இடம், மாநிலத்தின் ஒரு விழுக்காட்டு இடஒதுக்கீடு மூன்றுக்கும் அந்தத் தாளே கேட்கப்படுகிறது. ஆகவே எண்ணூர், பொன்னேரிப் பக்கம் இருளர் கல்விக்காக வேலை செய்பவர்களின் நேரத்தில் பெரும்பகுதி கோட்டாட்சியர் அலுவலகத்தில் கழிகிறது.