இரும்புக்கடை சைக்கிள் மலையேறிய கதை

எம்டிபி என்று இப்போது சைக்கிள் கடைகளில் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்களே, அந்த மலை சைக்கிளை முதலில் எந்தக் கம்பெனியும் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் என்று ஒரு பகுதி. அங்கே டமல்பையஸ் என்று ஒரு மலை. 1970களில் அந்த மலையைச் சுற்றியிருந்த ஊர்ப் பையன்கள் கொஞ்சப் பேர், பழைய இரும்புக்குப் போகவேண்டிய சைக்கிள்களை எடுத்து ஓட்டியதில் பிறந்தது இது. பால் கேனும் புல்லுக்கட்டும் கட்டியே சைக்கிள் ஓட்டிப் பழகின எனக்கு, ஒரு சைக்கிள் எப்படி வேறு சைக்கிளாக மாறியது என்கிற இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

அந்தப் பையன்களில் பலர் ரோட்டில் ரேஸ் ஓட்டுகிறவர்கள். ரேஸ் சைக்கிளின் டயர் விரல் தடிமன்தான் இருக்கும். அதைக் கொண்டுபோய் மலையிலே கல்லிலும் மண்ணிலும் விட்டால் ரிம் கோணிப்போகும். அதனால் அவர்கள் தேடிப் பிடித்தது ஷ்வின் கம்பெனியின் பழைய சைக்கிள்களை. சிகாகோவில் இருந்த அந்தக் கம்பெனி 1933ல் பலூன் டயர் போட்ட சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டயர் ரெண்டு இஞ்சுக்கும் கொஞ்சம் மேலே அகலம். கனமான இரும்புச் சட்டம், முன்பக்கம் நல்லா சாய்ந்த போர்க்கு. பேப்பர் போடுகிற பையன்கள் அடித்து ஓட்டினாலும் தாங்கும். நாற்பது வருஷத்துக்குப் பிறகு அதெல்லாம் கொட்டகை மூலையில் துருப்பிடித்துக் கிடந்தது, சொற்ப காசுக்குக் கிடைத்தது. மட்காடு, கேரியர், ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்றி எறிந்தார்கள். அப்படியும் இருபது கிலோவுக்குக் குறையாது. மேலே ஏற மிதிப்பது நடக்காத காரியம், தள்ளிக்கொண்டு போகணும், இல்லையென்றால் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகணும். இறங்குவதுதான் விளையாட்டு.

இறங்கும்போது பிரேக் வேணுமே? அந்தச் சைக்கிள்களில் கையில் பிரேக் கிடையாது. பெடலைப் பின்னால் மிதித்தால் பின் ஹப்புக்குள்ளேயே பிரேக் பிடிக்கும். நம்ம ஊரில் அது அவ்வளவாகப் பழக்கமில்லை. சமவெளியில் நல்ல சாதனம்தான். ஆனால் செங்குத்தான மலையில் விடாமல் பிடித்தால் ஹப் கொதிக்கும், உள்ளே இருக்கிற கிரீஸ் புகைந்து எரிந்து வெளியே போய்விடும். கீழே வந்ததும் ஹப்பைப் பிரித்து, துடைத்து, புது கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த தடவை ஓட்டலாம். நம்ம சைக்கிள் கடையில் ஓவராயில் பண்ணுகிற மாதிரி, ஆனா ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு தடவை! கிரீஸை மறுபடி அடைப்பதற்கு இங்கிலீஷில் 'ரீபேக்' என்று பெயர். அந்த மலைப்பாதைக்கே ரீபேக் என்று பெயர் விழுந்துவிட்டது. 1976 அக்டோபரில் அங்கே போட்டி ஆரம்பித்தது. மூணு கிலோமீட்டர் சொச்சம் தூரத்தில் சுமார் 400 மீட்டர் இறக்கம். ரெண்டு நிமிஷ இடைவெளியில் ஒவ்வொருவராக விடுவார்கள். கேரி ஃபிஷர் என்பவர் 4 நிமிஷம் 22 விநாடியில் இறங்கியது அங்கே சாதனை. ஆனால் நடந்த 24 போட்டியில் 10 போட்டி ஜெயித்தவர் ஜோ ப்ரீஸ்.

இந்தப் போட்டிதான் பட்டறை ஆனது. ஒவ்வொரு வாரமும் எது உடைகிறதோ அதற்கு மாற்று தேடினார்கள். சூட்டில் எரிகிற ஹப்பைத் தூக்கிவிட்டு, ரெண்டு பேர் மிதிக்கிற சைக்கிளில் இருந்து டிரம் பிரேக் எடுத்துப் போட்டார்கள். அதை இழுக்க மோட்டார் சைக்கிளின் பிரேக் லீவர். ஏறுவதற்கு, தூரப்பயண சைக்கிளில் இருந்து கியர். 1974 கடைசியிலேயே குப்பர்டினோ ஊர்ப் பையன்கள் சிலர் (ஆமா, இன்னிக்கு ஆப்பிள் கம்பெனி இருக்கிற அதே ஊர்தான்) இப்படிக் கியர் போட்ட பலூன் டயர் சைக்கிளோடு மரினுக்கு ஒரு பந்தயத்துக்கு வந்து போயிருந்தார்கள். ஆக, ஒருத்தர் மூளையில் மட்டும் உதித்ததில்லை. எல்லாமே வேறு எதற்கோ செய்த சாமான்கள், பிடுங்கி நட்டு வைத்தது.

ஆனால் சட்டம் மட்டும் பழசு. நாற்பது வருஷ இரும்பு, குதிக்கக் குதிக்க விரிசல் விட்டது. 1977ல் ஜோ ப்ரீஸ் மலைக்கென்றே குரோமோலி எஃகுக் குழாயில் புதுச் சட்டம் செய்தார். முதல் வரிசையில் மொத்தம் பத்து சைக்கிள். அதில் முதலாவது இப்போது வாஷிங்டன் ஸ்மித்சோனியன் மியூசியத்தில் இருக்கிறது. பிறகு டாம் ரிட்சி சட்டம் செய்ய, கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் 1979ல் அதை விற்கக் கடை போட்டார்கள். கடைக்கு அவர்கள் வைத்த பெயர் 'மவுண்டன் பைக்ஸ்'. அந்தப் பெயரைத் தங்களுக்கென்று பிடித்து வைத்துக்கொள்ள அவர்களால் முடியவில்லை, ஊருக்கெல்லாம் பொதுப்பெயராகிவிட்டது. இன்னைக்கு உலகமே சொல்கிற வார்த்தை, வைத்தவர்களுக்குச் சொந்தமில்லை.

1981ல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி ஸ்டம்ப்ஜம்பர் என்ற சைக்கிளை ஜப்பானில் செய்து வாங்கி, 750 டாலருக்கு விற்றது. கையால் ஒவ்வொன்றாகச் செய்த காலம் அதோடு போச்சு. அடுத்த வருஷமே ஷிமானோ மலைக்கென்று தனியாக டியோர் எக்ஸ்டி என்று கியர், பிரேக் எல்லாம் சேர்ந்த செட்டைக் கொண்டுவந்தது. 1921ல் சகாய் ஊரில் ஃப்ரீவீல் செய்து தொடங்கின கம்பெனி அது. இனிமேல் பிடுங்கி நட வேண்டாம், பெட்டியைப் பிரித்து மாட்டினால் போதும். எங்கள் வயலில் தாத்தா காலத்து நெல்லை நாங்களே எடுத்து வைத்து விதைத்தோம், பிறகு கடையில் பாக்கெட் வந்தது. பாக்கெட் வசதிதான், விளைச்சலும் கொடுத்தது. ஆனா எதை விதைக்கணும் என்கிற முடிவு நம்ம கையை விட்டுப் போச்சு இல்லையா? சைக்கிளிலும் கிட்டத்தட்ட அதேதான்.

மோட்டார் சைக்கிள் வேலை தெரிந்த பால் டர்னர் என்பவரின் ராக்‌ஷாக்ஸ் போர்க்கு 1990 வாக்கில் வந்தது. உள்ளே காற்றும் எண்ணெயும். காற்று ஸ்பிரிங்காக நிற்கும், எண்ணெய் சின்ன துவாரம் வழியாகப் போய் எழும்பும் வேகத்தை அடக்கும். ரெண்டு இஞ்சுக்கும் குறைவாகத்தான் அமுங்கும், ஆனால் அதே வருஷம் அமெரிக்காவில் டுராங்கோ ஊரில் நடந்த முதல் உலகப் போட்டியில் இறக்கப் பந்தயத்தை அந்தப் போர்க்குதான் ஜெயித்தது. 1996ல் அட்லாண்டா ஒலிம்பிக்கிலேயே மலை சைக்கிள் சேர்ந்துவிட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தம்பி மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். "பெரியப்பா, டபுள் சஸ்பென்ஷன், டபுள் டிஸ்க், எல்லாம் சேர்ந்து குறைஞ்ச விலைக்கு இருக்கு, வாங்கட்டா?"ன்னு போனில் கேட்டான். "அந்த போர்க்குக்குள்ள எண்ணெய் இருக்கான்னு கேளுடா"ன்னேன். விலை குறைந்ததில் பெரும்பாலும் வெறும் ஸ்பிரிங்குதான். அமுக்கினால் அமுங்கும், விட்டால் தவளை மாதிரி எகிறும். நடுவில் இன்னொரு ஸ்பிரிங்கு இருந்தால் மிதிக்கிற பலத்தில் கொஞ்சத்தை அதுவே தின்னுவிடும், எடையும் கூடும். அதே காசுக்கு ஸ்பிரிங்கே இல்லாத கெட்டிப் போர்க்கும், உயரத்துக்குச் சரியான சட்டமும், நல்ல டயரும் உள்ளதை வாங்கு என்றேன். பிறகு எதையாவது மாற்றணும்னா முதலில் டயர், அடுத்து பிரேக் கட்டை. கியரெல்லாம் தேய்ந்த பிறகு பார்த்துக்கலாம்.

டயர் மாற்றும்போது பக்கத்தில் அச்சடித்த எண்ணைப் பார்க்கணும். 26 இஞ்ச் என்றால் 559, 27.5 என்றால் 584, 29 என்றால் 622. கடைசி மூணு இலக்கம்தான் ரிம்முக்குப் பொருந்துகிற அளவு. நம்ம அப்பன் தாத்தா ஓட்டின 28 இஞ்ச் பெரிய சைக்கிள் 635. பெயரில் 29 பெரிசு, ரிம்மில் நம்ம 28தான் பெரிசு. வேடிக்கைதான்.

மரின் பையன்கள் 26ஐத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், பழைய பலூன் டயர் சைக்கிளுக்கு அந்த அளவுதான் இருந்தது, அவ்வளவுதான். முப்பது வருஷம் உலகம் முழுக்க அதுவே ஓடியது. இப்போது உயர்ந்த ரகப் புது மாடல்கள் 26ல் அநேகமாக வருவதில்லை. பின்சக்கர அச்சு 135 மில்லிமீட்டர் இருந்தது, 142 ஆச்சு, பிறகு 148. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்கிறார்கள், சக்கரம் உறுதியாக நிற்கும் என்பதும் பொய்யில்லை. ஆனால் பழைய சட்டம் நன்றாக இருக்கும்போதே அதற்குப் புது ஹப் பொருந்துவதில்லை. யாரோ வீசின ஷ்வினில் யாருடையதோ டிரம் பிரேக்கை மாட்டினது போல, 20 வருஷத்துக்கு முந்தைய ஒரு நல்ல மலை சைக்கிளில் இன்றைய சக்கரத்தை மாட்டப் பாருங்கள், மாட்டாது.