குண்டலுபேட்டை வான்வெளியும் இடிப்புயல் முன்னறிவிப்பும்

இடிமுகில்கள் எங்கே எழும், எத்திசையில் நகரும் என்பதைக் கணித்து விமானிகளுக்கும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்கும் அறிவிப்பதே விமான வானிலைப் பணியின் முதன்மையான பகுதியாகும். இந்தியாவில் இப்பணி 1875இல் தோன்றிய இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பொறுப்பில் உள்ளது. 1932இல் டாட்டா அஞ்சல் விமானம் கராச்சியிலிருந்து பம்பாய், பெல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறந்த காலத்தில், தந்தியில் வந்த தரைநிலை அளவீடுகளும், வானில் விட்ட சிறு பலூனைக் கருவியால் பின்தொடர்ந்து கணித்த காற்றின் வேகமுமே முன்னறிவிப்பாளரின் கையிருப்பாக இருந்தன.

1953 மே 2 அன்று, கல்கத்தா டம்டம் நிலையத்திலிருந்து கிளம்பிய கோமெட் ஜெட் விமானம் இடிப்புயலில் சிக்கிச் சிதறியதில் 43 பேர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டே டம்டம்மில் புயலைக் கண்டறியும் ராடார் நிறுவப்பட்டது. மழைத்துளிகள் ராடாரை நெருங்கும் அல்லது விலகும் வேகத்தையும் அளந்து முகிலுக்குள் வீசும் காற்றைக் காட்டும் டாப்ளர் ராடார் 2002இல் சென்னைக்கு வந்தது.

மைசூரு மாவட்டத்திலிருந்து 1997இல் பிரிந்த சாமராஜநகர் மாவட்டத்தில் அமைந்துள்ள குண்டலுபேட்டை, மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருப்பினும், கோடையில் சூடேறிய பீடபூமிக் காற்று நீலகிரிச் சரிவுகளையொட்டி மேலெழுவதால் பிற்பகல் இடிமழைக்கு இலக்காகிறது. அரைமணி நேரத்தில் முற்றிவிடும் இம்முகில்களின் இடத்தைக் காலையிலேயே குறித்துச் சொல்ல எந்தக் கணிப்பு முறையாலும் இயலாது; சொல்லக்கூடியது அன்றைய வாய்ப்பு மட்டுமே. சென்னை ராடாரும் இங்கு அதிகம் உதவாது: 400 கி.மீ.க்கு அப்பால், புவியின் வளைவினால், அதன் மிகத் தாழ்ந்த கற்றையே பத்து கி.மீ.க்கும் மேலான உயரத்தில் செல்கிறது. இன்சாட் செயற்கைக்கோள் படங்கள் முகில் உச்சியின் வளர்ச்சியைக் காட்டினாலும் அதன் அடிப்பகுதியை மறைத்துவிடுகின்றன.

இவ்வூரின் வான்வெளி சென்னை விமானத் தகவல் மண்டலத்தைச் சேர்ந்தது. கடும் இடிப்புயல் குறித்துச் சென்னையிலிருந்து வெளியாகும் எச்சரிக்கை ‘சிக்மெட்’ எனப்படும். பெங்களூரு–கோழிக்கோடு போன்ற குறுந்தொலைவு விமானங்கள் முழு உயரம் எட்டுமுன்பே இறங்கத் தொடங்குவதால், முகிலைத் தாண்டிப் பறப்பதைவிட ஒதுங்கிப் போவதே அவற்றுக்கு வழியாகிறது. விமான மூக்கிலுள்ள ராடாரில் முகிலைக் கண்ட விமானி விலகலுக்கு அனுமதி கேட்கிறார். கட்டுப்பாட்டாளர் அருகிலுள்ள விமானங்களுடன் உரிய இடைவெளியைக் காத்து அதனை வழங்கி, அவர் கண்டதைப் பின்னால் வருவோருக்கும் அறிவிக்கிறார்.