குடும்பவழிப் பெருங்குடல் புற்றுநோய்

பெருங்குடலிலும் மலக்குடலிலும் புற்றுநோய் வருவோரில் பெரும்பாலோருக்கு அது பரம்பரை நோய் அல்ல. ஆனால் சில குடும்பங்களில் தலைமுறை தவறாமல், அதுவும் 50 வயதுக்கு முன்பே வருகிறது. இதற்கான பரம்பரைக் கோளாறுகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, குடலின் உட்சுவரில் நூற்றுக்கணக்கில் பாலிப் எனும் சதை முளைகள் தோன்றும் எஃப்.ஏ.பி. எனப்படும் குடும்பவழிப் பாலிப் நோய். சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு உண்டு. மற்றது, பாலிப்கள் அவ்வளவாக இல்லாமலே புற்று வரும் லிஞ்ச் நோய்க்குறி. சுமார் 300 பேரில் ஒருவர் இதற்கான மரபணுப் பிழையோடு பிறக்கிறார்.

அரிதான முதல் நோய்தான் மருத்துவர்களுக்கு முதலில் பிடிபட்டது. பாலிப் கண்ணுக்குத் தெரியுமே! 1882இல் லண்டன் அறுவை மருத்துவர் ஹாரிசன் கிரிப்ஸ், அண்ணன் தங்கை இருவர் குடலிலும் பாலிப்கள் மண்டிக் கிடந்ததை எழுதினார். அந்நகரின் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் லாக்கார்ட்-மம்மரி 1924இல் இத்தகைய குடும்பங்களுக்கென ஒரு பதிவேட்டைத் தொடங்கினார். நோயியலர் கத்பர்ட் டியூக்ஸும், பதினேழு வயதில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்த பஸ்ஸியும் அதை வளர்த்தனர். ஒருவருக்கு நோய் என்றால் அவருடைய உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் தேடிப்பிடித்து, அறிகுறி தோன்றுமுன்பே அழைத்துச் சோதிப்பார்கள். மரபணுவைப் பற்றி எதுவும் தெரியாத காலத்திலேயே அந்தப் பதிவேடு உயிர்களைக் காத்தது.

லிஞ்ச் நோய்க்குறியின் கதை அமெரிக்காவின் ஆன் ஆர்பரில் தொடங்குகிறது. 1895இல் மிச்சிகன் பல்கலைக்கழக நோயியலர் ஆல்ட்ரெட் வார்த்தினிடம் அவர் வீட்டுத் தையற்காரப் பெண் தன் மனக்கவலையைச் சொன்னார்: சொந்தபந்தமெல்லாம் வயிற்றிலோ கர்ப்பப்பையிலோ புற்று வந்து போய்ச் சேர்ந்தார்கள், தனக்கும் அதே கதிதான். அவர் அஞ்சியபடியே கர்ப்பப்பைப் புற்றில் இறந்தார். வார்த்தின் அந்த ஜெர்மானியக் குடியேறிக் குடும்பத்தை ‘ஜி’ என்று குறித்து, 1913இல் கட்டுரை வெளியிட்டார். தாத்தா ஒருவரின் 48 வழித்தோன்றல்களில் 17 பேர் புற்றுநோயால் இறந்திருந்தனர் அல்லது அறுவைக்கு உள்ளாகியிருந்தனர். கணக்கு துல்லியம், ஆனால் மருத்துவ உலகம் அசையவில்லை.

அசைக்க முயன்றவர் ஹென்றி லிஞ்ச். இளமையில் குத்துச்சண்டை வீரராக இருந்தவர்; அந்தப் பழக்கம் பின்னால் கைகொடுத்திருக்க வேண்டும். 1960களின் தொடக்கத்தில் நெப்ராஸ்காவில் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, குடியில் சீரழிந்த நோயாளி ஒருவர், குடும்பத்தில் எல்லாரையும் போலத் தானும் குடல் புற்றில் சாகப்போவதால்தான் குடிப்பதாகச் சொன்னார். லிஞ்ச் அந்தக் குடும்பத்தின் வம்சாவளியைத் திரட்டி, 1966இல் மற்றொரு குடும்பத்தோடு சேர்த்து வெளியிட்டார். புற்றுநோய்க்குச் சூழலே காரணம் என்று நம்பப்பட்ட காலம் அது. ஆய்வுப் பண உதவிக்கான அவர் விண்ணப்பங்கள் திரும்பத் திரும்பத் தள்ளப்பட்டன. 1971இல் அவர் ‘ஜி’ குடும்பத்தை மீண்டும் ஆராய்ந்தார். முந்தைய தலைமுறைகளில் வயிற்றைத் தாக்கிய புற்று, பிந்தையவற்றில் குடலை அதிகம் தாக்கியது. பிழை ஒன்றே, காலம் மாற, அது வெளிப்படும் உறுப்பு மாறியது.

லிஞ்ச் குடும்பங்களை இனங்காண 1991இல் வகுக்கப்பட்ட ஆம்ஸ்டர்டாம் விதிகள், இரு தலைமுறைகளில் நெருங்கிய உறவினர் மூவருக்குக் குடல் புற்று, அவர்களில் ஒருவருக்காவது 50 வயதுக்குள் வந்திருக்க வேண்டும் என்றன. விசித்திரம் என்னவென்றால், வார்த்தினுக்கு வழிகாட்டிய தையற்காரப் பெண்ணே இந்தக் கணக்கில் வரமாட்டார். கர்ப்பப்பைப் புற்றையும் சேர்த்துக்கொள்ள 1999 ஆயிற்று.

மரபணுக்கள் அடுத்தடுத்துச் சிக்கின. 1991இல், எஃப்.ஏ.பி.க்குக் காரணமான ஏபிசி மரபணு 5ஆம் குரோமோசோமில் கண்டறியப்பட்டது. லிஞ்ச் நோய்க்குறிக்குக் காரணமானவற்றில் 1993இல் எம்எஸ்எச்2, மறு ஆண்டில் எம்எல்எச்1. உயிரணு பிரியும்போது டிஎன்ஏ படியெடுப்பில் நேரும் பிழைகளை, அச்சுக்கூடத்து மெய்ப்புத் திருத்துநர் போலப் பார்த்துச் சரிசெய்வது பின்னிரண்டின் வேலை. இவை பழுதானால் பிழைகள் குவிந்து புற்றாகின்றன. ‘ஜி’ குடும்பத்தின் பிழை எம்எஸ்எச்2இல் இருப்பது 2000இல் உறுதியானது.

இவ்விரு நோய்களிலும் பெற்றோரில் ஒருவரிடம் பிழை இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 2002இல் கார்டிஃப் ஆய்வாளர்கள் கண்ட, மியூட்ஒய்எச் மரபணுவால் வரும் பாலிப் நோய் வேறு வகை: தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிழை வந்தால்தான் வரும். அதனால் பெற்றோர் நலமாக இருக்க, உடன்பிறந்தவர்கள் மட்டும் பாதிக்கப்படலாம். அத்தை மகள், மாமன் மகன் என்று சொந்தத்தில் மணம் முடிக்கும் சமூகங்களில் இவ்வகை நோய்களுக்கு வாய்ப்பு கூடுதல்.

எஃப்.ஏ.பி. குடும்பங்களில் 10–12 வயதிலேயே குடல் உள்நோக்கிச் சோதனை (கொலனோஸ்கோபி) தொடங்குகிறது. பாலிப்கள் பெருகியபின் பெருங்குடலை எடுத்துவிடுகிறார்கள், விட்டுவைத்தால் புற்று ஏறக்குறைய நிச்சயம். லிஞ்ச் உள்ளவர்களுக்கு 20–25 வயது முதல் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை கொலனோஸ்கோபி. இந்தப் பிழைகள் எதுவும் இல்லாவிட்டாலும், பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ குடல் புற்று வந்திருந்தால் ஒருவரின் ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகிறது; 40 வயதில், அல்லது அந்த உறவினருக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்பு, எது முந்தியதோ அப்போதே சோதனையைத் தொடங்கச் சொல்கிறார்கள். நியூகாசிலின் ஜான் பர்ன் தலைமையிலான ஆய்வு, தினமும் 600 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுத்த லிஞ்ச் நோயாளிகளுக்குச் சில ஆண்டுகள் கழித்துக் குடல் புற்று குறைந்ததை 2011இல் காட்டியது. எவ்வளவு குறைந்த அளவு போதும் என்பதே அதன் தொடர்ச்சியான ஆய்வின் கேள்வி.