ஹிஸ்பானிய அமெரிக்கரும் துப்பாக்கி வன்முறையும்

அமெரிக்க மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் ஹிஸ்பானியர். மெக்சிகோ, புவேர்ட்டோ ரிக்கோ, கியூபா முதலிய ஸ்பானிய மொழி வழங்கும் நிலப்பகுதிகளில் வேர் கொண்டவர்கள். துப்பாக்கியால் கொல்லப்படும் வீதம் இவர்களிடையே வெள்ளையரைவிடச் சுமார் இரு மடங்கு. பலியாவோரில் இளம் ஆண்களே மிகுதி. இக்கொலைகள் பெரும்பாலும் ஒன்றிரண்டாகத் தெருவிலும் வீட்டிலும் நடந்து, உள்ளூர்ச் செய்தியோடு முடிந்துவிடுகின்றன. வெளியுலகம் அறிந்தவை சில பெரும் படுகொலைகளே.

2016 ஜூன் 12 அன்று புளோரிடாவின் ஓர்லாண்டோ நகரில், தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் பல்ஸ் கேளிக்கை விடுதியில் 49 பேர் கொல்லப்பட்டனர். அன்று அங்கே லத்தீன் இசை இரவு. இறந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஹிஸ்பானியர்.

இனவெறி வெளிப்படையாகப் பேசிய நிகழ்வு எல் பாசோவில் நடந்தது. டெக்சஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில், ரியோ கிராண்டே ஆற்றின் கரையில் உள்ள இந்நகரவாசிகளில் ஐந்தில் நால்வர் ஹிஸ்பானியர். எதிர்க்கரையில் மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகரம். பாலத்தைக் கடந்து வந்து சாமான் வாங்கிப் போவது அங்கத்தியக் குடும்பங்களுக்கு அன்றாட வழக்கம். 2019 ஆகஸ்ட் 3, சனிக்கிழமை. பள்ளி திறக்கும் நேரமாதலால் வால்மார்ட் கடையில் நல்ல கூட்டம். டல்லஸ் அருகிலிருந்து 1,000 கிலோமீட்டருக்கும் மேல் கார் ஓட்டி வந்த வெள்ளை இளைஞன் 23 பேரைக் கொன்றான்; அவர்களில் எட்டுப் பேர் மெக்சிகோ குடிமக்கள். ஹிஸ்பானியர் டெக்சஸின் மீது படையெடுக்கிறார்கள் என்று அவன் முன்கூட்டியே இணையத்தில் எழுதியிருந்தான். அவனாக உருவாக்கிய சொல்லன்று அது. குடியேற்ற எதிர்ப்பு மேடைகளில் அப்போது சாதாரணமாகப் புழங்கியதுதான். 2023இல் கூட்டரசு நீதிமன்றம் அவனுக்கு 90 ஆயுள் தண்டனைகள் விதித்தது.

2022 மே 24 அன்று அதே மாநிலத்தின் யுவால்டி ஊரில், ராப் தொடக்கப்பள்ளியில் 19 குழந்தைகளும் இரு ஆசிரியைகளும் கொல்லப்பட்டனர். பலியானோரில் பெரும்பாலோரைப் போலவே கொலையாளியும் ஹிஸ்பானியனே, எனவே இதை இன வெறுப்பில் சேர்க்க இயலாது. ஊராரின் ஆற்றாமை காவல்துறை மீது. 376 காவலர்கள் குவிந்தும், கொலையாளியைச் சுட்டு வீழ்த்த 77 நிமிடங்கள் ஆயின. உள்ளே போகச் சொல்லி வெளியே மன்றாடிய பெற்றோரில் சிலர் பலவந்தமாகத் தடுக்கப்பட்டனர். இதே பள்ளியின் மெக்சிக்க வம்சாவளி ஆசிரியர் ஒருவரின் பணி புதுப்பிக்கப்படாததால் 1970இல் மாணவர்கள் வாரக்கணக்கில் வகுப்புகளைப் புறக்கணித்த வரலாறும் உண்டு. அதிகாரத்தின் மீதான அவநம்பிக்கை அங்கே புதிதன்று.

குடியேற்ற ஆவணம் இல்லாதோரின் நிலை இன்னும் சிக்கலானது. நாடு கடத்தப்படுவோமோ என்ற அச்சத்தில் பலர் போலீசில் புகார் செய்வதையும் சாட்சி சொல்வதையும் தவிர்க்கின்றனர். விசாரணைக்கு ஒத்துழைக்கும் குற்றப் பாதிப்பாளர்களுக்காக 2000இல் ‘யு’ விசா கொண்டுவரப்பட்டது. ஆண்டுக்கு 10,000 பேருக்கே அது கிடைக்கும். விண்ணப்பங்களோ அதைவிடப் பன்மடங்கு. ஆகவே சாட்சி சொன்னவர்களும் ஆண்டுக்கணக்கில் வரிசையில் காத்திருக்கின்றனர்.