காகிதம் சொன்னதும் படம் காட்டியதும்

பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு 1789-ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனம் நினைவிருக்கும். மொத்தம் 17 பிரிவுகள். மனிதர்கள் சுதந்திரமாகவும் சம உரிமையோடும் பிறக்கிறார்கள் என்ற முதல் பிரிவை எல்லோரும் ஒப்பிப்போம். 15-ஆவது பிரிவை யாரும் ஒப்பிக்கச் சொன்னதில்லை. ஒரே வரிதான் அது: அரசுப் பணியில் இருக்கும் எவரிடமும் அவருடைய நிர்வாகத்துக்குக் கணக்குக் கேட்கச் சமுதாயத்துக்கு உரிமை உண்டு. அரசாங்கத்தில் எல்.டி.சி.யாகச் சேர்ந்து ஓய்வு பெறும்வரை கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் என்பதால், இந்த வரியை நான் கொஞ்சம் பயத்தோடுதான் படிப்பது வழக்கம்.

தாசில்தாரிடம் கணக்குக் கேட்கலாம், அவர் மேசையில் கோப்பு இருக்கும். தெருவில் தடியோடு நிற்கும் போலீஸ்காரரிடம் எப்படிக் கேட்பது? அங்கே நடந்ததை எழுதுபவரே அவர்தான். பிரெஞ்சில் அதற்குப் புரோசே வெர்பால் என்று பெயர். கையெழுத்தும் முத்திரையும் விழுந்துவிட்டால் நீதிமன்றம்வரை அந்தக் காகிதம்தான் பேசும். கோப்பில் இல்லாதது நடக்கவே இல்லை என்பது எங்கள் அலுவலகங்களில் பாதி வேடிக்கையாகவும் பாதி நிஜமாகவும் சொல்லிக்கொள்வது. போலீஸ் விஷயத்தில் அதில் வேடிக்கை கிடையாது.

1961 அக்டோபர் 17 இரவைப் பாருங்கள். அல்ஜீரியப் போர் முடியாத காலம். பாரீஸில் வாழ்ந்த அல்ஜீரியர்கள் இரவு எட்டரை மணிக்கு மேல் வெளியே வரக்கூடாது என்று போலீஸ் பிரெஃபே மொரீஸ் பாப்போன் அறிவித்திருந்தார். அதை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் குடும்பத்தோடு ஊர்வலமாக வந்தார்கள். போலீசார் அடித்து நொறுக்கினார்கள். சேன் நதியில் உடல்கள் மிதந்தன. ஒரே இரவில் 11,000-க்கும் மேற்பட்டோர் கைது. இறந்தவர்கள் என்று போலீஸ் தலைமையகம் முதலில் அறிவித்த எண்ணிக்கை எவ்வளவு தெரியுமா? இரண்டு. பிற்காலத்து ஆய்வாளர்களின் கணக்கு பல பத்துகளில் தொடங்கி இருநூறைத் தாண்டிப் போகிறது.

அன்றிரவு எலி ககான் என்ற புகைப்படக்காரர் தன் வெஸ்பாவில் ஊரைச் சுற்றினார். கொன்கோர்ட், சோல்ஃபெரினோ மெத்ரோ நிலையங்களிலும் நாந்தேர் பகுதியிலும் அவர் எடுத்த படங்கள் இல்லையென்றால், ரத்தம் வழிய நின்ற மனிதர்களின் முகங்கள் நமக்குக் கிடைத்திருக்காது. ஆனாலும் காகிதம் எளிதில் தோற்கவில்லை. ழான்-லுய்க் எய்னோதி என்பவர் பாப்போனைப் பொறுப்பாளியாக்கி எழுதியதற்காக, பாப்போன் அவர்மேல் அவதூறு வழக்குப் போட்டார். பாரீஸ் ஆவணக் காப்பகத்தின் இரண்டு அலுவலர்கள், ஒருவர் நேரிலும் மற்றவர் எழுத்து மூலமாகவும், கோப்புகளில் கண்டதைச் சாட்சியாகச் சொன்னார்கள். 1999-இல் பாப்போன் தோற்றார். அந்த இரண்டு அலுவலர்களையோ பல ஆண்டுகள் வேலை கொடுக்காமல் உட்கார வைத்தார்கள். எழுத்தராக இருந்தவர்களுக்குத்தான் அது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று புரியும்.

போலீசாரைப் படம் எடுக்கலாமா என்ற கேள்விக்குப் பிரான்சில் பதில் எப்போதோ எழுதப்பட்டுவிட்டது. 2008 டிசம்பர் 23 தேதியிட்ட காவல்துறையின் சொந்தச் சுற்றறிக்கையே, பொது இடத்தில் பணியில் இருக்கும் காவலர் தன்னைப் படம் எடுப்பதைத் தடுக்க முடியாது என்கிறது. சுற்றறிக்கை தெருமுனை வரை போய்ச் சேர்வது வேறு விஷயம். அதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

2020-இல் இதை மாற்றப் பார்த்தார்கள். பணியில் இருக்கும் காவலரின் முகத்தை, அவருக்கு உடலாலோ மனத்தாலோ தீங்கு செய்யும் நோக்கத்தோடு வெளியிட்டால் ஓராண்டுச் சிறை, 45,000 யூரோ அபராதம் என்று ஒரு மசோதாவின் 24-ஆவது பிரிவு சொன்னது. காவலர்களின் அச்சம் பொய்யல்ல. 2016-இல் மஞான்வீல் என்ற ஊரில் ஒரு காவல் அதிகாரியும் அவருடைய வாழ்க்கைத் துணைவியும் சொந்த வீட்டிலேயே பயங்கரவாதி ஒருவனால் கொல்லப்பட்டார்கள். அந்தப் பெண்மணி காவல் நிலையத்தில் எழுத்துப் பணி பார்த்தவர். அதை மறந்துவிட்டுப் பேசக்கூடாது. ஆனால் ‘நோக்கம்’ என்பதைத் தெருவில் தீர்மானிக்கப்போவது யார்? கையில் போனோடு நிற்பவனின் மனத்தை, எதிரே நிற்கும் போலீஸ்காரரே படித்துச் சொல்வாராம்!

மசோதா நாடாளுமன்றத்தில் ஓடிக்கொண்டிருந்த அதே வாரம், நவம்பர் 21 அன்று, பாரீஸ் 17-ஆவது வட்டாரத்தில் கறுப்பினத்தைச் சேர்ந்த ஓர் இசைத் தயாரிப்பாளரைப் போலீசார் அவருடைய ஸ்டூடியோவுக்குள்ளேயே புகுந்து அடித்தார்கள். முகக்கவசம் அணியவில்லை என்பது தொடக்கம். அவர்தான் எங்களைத் தாக்கினார் என்று அறிக்கை எழுதினார்கள். அடிபட்டவரே 48 மணி நேரம் காவலில் இருந்தார். ஸ்டூடியோவில் இருந்த கேமராவின் பதிவும், அக்கம்பக்கத்தார் போனில் எடுத்த படங்களும் 26-ஆம் தேதி வெளியானபோது அறிக்கை கிழிந்தது. காவலர்கள்மேல் தொடங்கிய விசாரணையில் அடித்த குற்றத்தோடு, அரசு ஆவணத்தில் பொய் எழுதிய குற்றமும் சேர்ந்தது. என்னைக் கேட்டால் இரண்டாவதும் சின்னக் குற்றமல்ல. காயம் ஆறும், அந்தக் காகிதம் மட்டும் நின்றிருந்தால் அடிபட்டவர்தான் சிறைக்குப் போயிருப்பார்.

28-ஆம் தேதி ஊர் ஊராக ஊர்வலம். உள்துறை அமைச்சகத்தின் கணக்கிலேயே 1,33,000 பேர். இரண்டு நாளில் ஆளுங்கட்சி அந்தப் பிரிவை மாற்றி எழுதுவதாக அறிவித்தது. மாற்றி எழுதியதையும் பிரதமர் ழான் காஸ்தெக்ஸ் தாமே அரசியலமைப்பு மன்றத்துக்கு அனுப்பிவைத்தார். 2021 மே 20 அன்று மன்றம் அதை நீக்கியது. குடிமகனின் உரிமையைப் போற்றி அல்ல, குற்றம் எது என்று சட்டத்தில் தெளிவாக வரையறுக்கவில்லை என்பதற்காக. வரைவு சரியில்லை என்று கோப்பு திரும்பி வந்த கதைதான். அதே ஆண்டு ஆகஸ்டில், ஒருவரின் அடையாளத்தை வெளியிட்டு அவரை ஆபத்தில் தள்ளுவதை வேறொரு சட்டம் குற்றமாக்கியது. அரசுப் பணியாளர் என்றால் தண்டனை 5 ஆண்டு வரை.

நம் புதுச்சேரியில் கடற்கரைச் சாலைக்கு வரும் வெளியூர்க்காரர்கள் சிவப்புக் கெப்பி அணிந்த நம் போலீசாரைப் படம் எடுக்காமல் போவதில்லை. அவர்களும் சிரித்துக்கொண்டே நிற்கிறார்கள். அதுவே லத்தியை ஓங்கும் நேரமாக இருந்தால் சிரிப்பு இருக்குமா என்று தெரியவில்லை. காவல் நிலையத்துக்குள் பதிவு செய்ததற்காக, வேவு பார்ப்பதைத் தடுக்கும் 1923-ஆம் ஆண்டு அரசாங்க ரகசியச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்ட கூத்தும் நம் நாட்டில் நடந்தது. காவல் நிலையம் அந்தச் சட்டம் சொல்லும் தடைசெய்யப்பட்ட இடமல்ல என்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2022-இல் அந்த வழக்கைத் தள்ளியது.

பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் பாரீஸ் பக்கம் இருப்பவர்கள் ஒன்று கேட்டுப் பாருங்கள். அங்கே சீருடையில் உள்ள ஒவ்வொரு காவலரும் ஏழு இலக்க எண் ஒன்றை வெளியே தெரிய அணிய வேண்டும். 2014 ஜனவரி முதல் இது விதி. பலர் அணிவதில்லை, அணிந்தாலும் படிக்க முடியாத அளவுக்குச் சிறிய எழுத்து. கொன்செய் தேத்தா எனும் உச்ச நிர்வாக நீதிமன்றம் 2023 அக்டோபரில், எண்ணைப் பெரிதாக்கி எல்லோரும் அணியும்படி செய்ய உள்துறைக்கு 12 மாதம் கெடு கொடுத்தது.